பெட்டியடி முதல் பட்டமேற்படிப்பு வரை: நம்ம பக்கத்தில் பணக்கணக்கு படித்த கதை



இந்த வருஷம் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "டீச்சர், பி.காம். முடிச்சாச்சு. ஃபைனான்ஸில் மாஸ்டர்ஸ் பண்ணலாமா? உள்ளூரா, வெளிநாடா? கடன் வாங்கலாமா?" நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். பங்குச் சந்தையைப் பற்றிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்தப் படிப்பு நம்ம பக்கத்துக்கு எப்படி வந்தது, யார் யாருக்குக் கிடைத்தது என்று சொல்ல முடியும். அதைத் தெரிந்துகொண்டால் பதில் பாதி கிடைத்த மாதிரிதான். பதிவு நீளம். காபியோடு உட்காருங்கள்.

பணக்கணக்கு நமக்குப் புதுசு இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. இன்றைக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் என்றாலே காய்ச்சல் வருகிறது. அன்றைக்குப் பத்து வயதுப் பையன் முந்திரிக் கணக்கில் வட்டி போட்டான்.

அந்தக் கணக்கோடு செட்டிநாட்டுப் பையன்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பல் ஏறினார்கள். நகரத்தார் கடைதான் அவர்களுக்குக் கல்லூரி. முதலில் பெட்டியடிப் பையன். பணப்பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து பேரேடு எழுத, ஆள் பார்த்துக் கடன் கொடுக்க, நடப்பு வட்டி பார்க்கப் பழகுவான். பிறகு படிப்படியாக அடுத்தாள், அதற்கும் மேலே கடையை நடத்தும் ஏஜெண்ட். மூன்று வருஷம் ஒரு கணக்கு. முடித்துவிட்டு ஊருக்கு வந்து திரும்பப் போவார்கள். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றை நடத்திய யாரிடமும் எம்.பி.ஏ. பட்டம் இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கடைகளின் முதலில் "ஆச்சிமார் பணம்" என்று ஒரு கணக்கு உண்டு. வீட்டுப் பெண்களின் சீர்ப்பணம் அது. வட்டியும் உண்டு. பெண்களின் பணம் கடல் தாண்டிப் போனது. பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் படிக்க மட்டும் பெண்களுக்கு இடம் இல்லை.

இனி 1881க்கு வாருங்கள். அந்த வருஷம் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் வார்ட்டன் வணிகப் பள்ளி தொடங்கியது. பல்கலைக்கழகத்துக்குள் வணிகத்தைப் பாடமாக வைத்தது அங்கேதான் முதலில். அதே 1881ல் நம்ம திருநகருக்குப் பக்கத்துப் பசுமலையில் அமெரிக்க மிஷனரிகள் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். பிறகு வைகைக்கு வடகரைக்குப் போய்விட்ட அமெரிக்கன் கல்லூரிதான் அது. ஆனால் வணிகம் கல்லூரிப் பாடமாக இந்தியாவில் காலூன்ற இன்னும் நாளாயிற்று. வணிகத்துக்கென்றே பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி வந்தது 1913ல்.

மதுரையில் கடையையும் கல்லூரியையும் இணைத்தவர் கலைத்தந்தை கருமுத்து தியாகராசர். நகரத்தார் குடும்பத்தில் பிறந்தவர், மில் முதலாளி. 1943ல் பாங்க் ஆஃப் மதுரா வங்கியைத் தொடங்கினார். 1949ல் தியாகராசர் கல்லூரி. கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம். தொடங்கியது 1961. அதற்கு அடுத்த வருஷமே, 1962ல், அவர் மதுரையில் மேலாண்மைப் பள்ளி தொடங்கிவிட்டார். இன்று திருப்பரங்குன்றம் பாம்பன் சுவாமி நகரில் இருக்கிறதே, அந்த தியாகராசர் மேலாண்மைப் பள்ளிதான். அந்த வழியாக டவுன் பஸ்ஸில் எத்தனை தடவை போயிருப்போம்! வங்கி 2001ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்து பெயரே மறைந்துபோனது. பள்ளி இன்னும் நடக்கிறது. வங்கியை விடப் பள்ளிக்கு ஆயுசு கெட்டி.

ஆனாலும் இந்தக் கல்லூரிகளுக்குப் பகலில் போய் உட்கார முடிந்தவர்கள் எத்தனை பேர்? மில் தொழிலாளி வீட்டில் மூத்த பையன் பத்தாவது முடித்ததும் டைப்ரைட்டிங் படித்து வேலைக்குப் போவான். பெண்ணுக்குக் கல்யாணம். 1966ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. 1970களின் தொடக்கத்தில், மு.வ. துணைவேந்தராக இருந்தபோது, அஞ்சல் வழிக் கல்வியும் தொடங்கியது. 1962லேயே டில்லிப் பல்கலைக்கழகம் இதைத் தொடங்கியிருந்தாலும், நம்ம பக்கத்து வீடுகளுக்குப் பாடக்கட்டு கொண்டுவந்தது மதுரைதான். 1978ல் அது காமராசர் பெயரைப் பெற்றது. அதே 1978ல் பிளஸ் டூ வந்து, பள்ளிக்கூடத்திலேயே வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படிக்கும் வழி விரிந்தது.

எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப் பேர் தபாலில் படித்தவர்கள். ஊக்க ஊதியத்துக்காகப் படித்தவர்களும் உண்டு, ஆசைக்குப் படித்தவர்களும் உண்டு. என் தங்கையின் கதையைச் சொல்கிறேன். பி.காம். முடித்த கையோடு கல்யாணம். 1980களின் கடைசியில், கைக்குழந்தையோடு, எம்.காம். அஞ்சல் வழியில் சேர்ந்தாள். "இன்னும் படிச்சு என்ன ஆகப்போகுது? கட்டுற பணத்துல ஒரு கிராம் தங்கம் வாங்கலாம்" என்றார் அவள் மாமியார். பதில் பேசாமல், எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து படித்தாள். லீவு நாளில் நேர்முக வகுப்பு. அன்றைக்குக் குழந்தை என்னிடம். சில வருஷத்தில் அவள் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடினார்கள். அந்த மாதம் முதல் அரிசி வாங்கியது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் அவள் எழுதிய கணக்குதான். மகன் படிப்பும் மகள் கல்யாணமும் அதில் நடந்தன. கடைசிக் காலத்தில் அந்த மாமியாரே வருகிறவர்களிடம் எல்லாம் "எங்க மருமக எம்.காம்." என்று சொல்லுவார். பெட்டியடியில் பெண்களுக்குக் கிடைக்காத இடம் தபால்காரர் கையால் வீட்டுக்கே வந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, வணிகவியல் இருக்கும்போது ஃபைனான்ஸ் என்று தனிப் படிப்பு எதற்கு? கணக்குப்பதிவு நடந்து முடிந்ததை எழுதுகிறது. நிதிப் படிப்பு நடக்கப்போவதைக் கணக்குப் போடுகிறது. அடுத்த வருஷம் கிடைக்கும் 110 ரூபாய், 10 சதவீத வட்டியில் பார்த்தால், இன்றைக்கு 100 ரூபாய்க்குத்தான் சமம். இதுதான் அதன் அரிச்சுவடி. முட்டைகளை ஒரே கூடையில் வைக்காதே என்று எல்லோருக்கும் தெரியும். எந்தக் கூடையில் எத்தனை என்பதைக் கணக்காகவே போட்டு 1952ல் கட்டுரை எழுதினார் ஹாரி மார்க்கோவிட்ஸ். அதற்கு 1990ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1969ல் 14 வங்கிகள் அரசுடைமை ஆனபோது கிராமம்வரை கிளைகள் வந்தன, வங்கி வேலைகள் பெருகின. 1991க்குப் பிறகு சந்தை திறந்தது. 1992ல் செபி சட்ட அதிகாரம் பெற்றது. மியூச்சுவல் ஃபண்டு, காப்பீடு, தனியார் வங்கி என்று வேலைகள் பல கிளையாகப் பிரிந்தபோதுதான் நிதிக்கென்று தனியாகப் படித்தவர்களைத் தேட ஆரம்பித்தார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. கடன் வாங்கலாமா? நிதி படிக்கப் போகிறவர் போட வேண்டிய முதல் கணக்கே இதுதான். 10 லட்சம் ரூபாய், 10 சதவீத வட்டி, 10 வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 13,200 ரூபாய். கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 15 லட்சத்து 86 ஆயிரம். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. வெளிநாட்டுக்கு 40 லட்சம் என்றால், இதே கணக்கில் மாதம் சுமார் 52,900. முதல் வேலையில் கைக்கு வரும் சம்பளத்தில் இதைக் கழித்துப் பாருங்கள். அந்தக் கல்லூரியில் போன வருஷம் படித்து முடித்த நாலு பேரிடம் சம்பளம் கேளுங்கள். விளம்பரத்தில் போடும் தொகை ஒரே ஒரு பிள்ளை வாங்கியதாக இருக்கலாம். அப்பாவின் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கும் முன் அப்பாவை உட்கார வைத்து இந்தக் கணக்கை அவருக்கும் காட்டுங்கள். கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரிய வேண்டும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண். இப்போது 36 வயது, ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். "வேலையில் இருந்துகொண்டே எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் படிக்க ஆசை டீச்சர். பிள்ளைக்குச் சேர்க்க வேண்டிய பணத்தை எனக்குச் செலவழிக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தாள். அவளுக்கும், அவளைப் போலக் கேட்கக் கூச்சப்பட்டு இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். சேரம்மா. வேலையை விடாமல், கடன் இல்லாமல், வருஷக் கட்டணத்தைச் சம்பளத்தில் கட்ட முடிகிற இடமாகப் பார். அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இந்த வருஷம் இருக்கிறதா என்று அவர்களின் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டு. பிள்ளைக்குச் சேர்க்கும் பணத்தில் நீ படிப்பதும் ஒரு பங்குதான். அதைச் சொல்ல எனக்கு என் தங்கை வீடு ஒன்றே போதும்.

உங்கள் வீட்டில் தபாலில் படித்துப் பட்டம் வாங்கிய அம்மா, அத்தை, சித்தி யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். என்ன படித்தார்கள், எப்போது படித்தார்கள், அது எதற்கு உதவியது என்று. இளம் பிள்ளைகள் படிக்கட்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.
உங்கள் டீச்சர், திருநகர்.