பிக்கப் வாகனங்களில் பால் ஜாயிண்ட் முன்கூட்டியே தேய்தல்

பால் ஜாயிண்ட் என்பது வாகனத்தின் முன்சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை சஸ்பென்ஷன் ஆர்ம்களோடு இணைக்கும் பந்து மூட்டு. சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கவும், ஸ்டியரிங் திருப்பும் பக்கம் திரும்பவும் இந்த ஒரே மூட்டு இடம்கொடுக்கிறது. இதற்குரிய ஆயுள் முடியும் முன்பே பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே ஆட்டம் விழுந்துவிடுவதே முன்கூட்டிய தேய்மானம். சுமை ஏற்றுவதற்கும் கரடுமுரடான பாதைகளுக்கும் பயன்படும் பிக்கப் வாகனங்களில் இது தனிக் கவனம் பெறும் பழுது. என்ஜின் பழுதானால் வண்டி நிற்கும். பால் ஜாயிண்ட் கழன்றால் ஓடும் வண்டியின் சக்கரமே மடங்கிச் சாய்ந்துவிடும். அதிகச் சுமைதான் இதற்குக் காரணம் என்று பொதுவாக நினைக்கப்படுகிறது. ஆனால் பெரிய அளவில் நடந்த நிகழ்வுகளில் மூட்டின் ஆயுளைக் குறைத்தவை பந்தின் மேற்பரப்பில் இருந்த குறையும் உள்ளே புகுந்த நீரும்தான்.

அமைப்பு

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை அமர்ந்திருப்பதைப் போலவே, மெருகேற்றிய எஃகுப் பந்து ஒன்று கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கும். பந்தோடு ஒன்றாக வரும் தண்டு நுனி நோக்கிக் குறுகி, எதிர் உறுப்பின் துளையில் இறுகப் பொருந்தும்; அதை நட்டும் ஸ்பிளிட் பின்னும் பூட்டி வைக்கும். கிண்ணத்தின் உட்புறம் உலோகமாகவோ பிளாஸ்டிக் பூச்சாகவோ இருக்கும். உள்ளே கிரீஸ், வெளியே அதைக் காக்கும் ரப்பர் பூட். சில மூட்டுகளில் கிரீஸ் ஏற்றுவதற்கு நிப்பிள் உண்டு. பல மூட்டுகள் தொழிற்சாலையிலேயே மூடி முத்திரையிடப்பட்டு, ஆயுள் முழுவதும் அதே கிரீஸில் ஓடுபவை.

பால் ஜாயிண்ட் வருவதற்கு முன் முன்சக்கரங்கள் கிங் பின் என்ற தடித்த ஊசியைச் சுற்றித் திரும்பின. அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டின் லிங்கன் கார்களிலும், 1954இல் ஃபோர்டு கார்களிலும் பால் ஜாயிண்ட் முன் சஸ்பென்ஷன் வந்தது. எடையும் உறுப்புகளின் எண்ணிக்கையும் குறைந்ததால் பின்னர் பிக்கப் வாகனங்களும் இதை ஏற்றன.

சுமை விழும் விதம்

மேலும் கீழும் இரண்டு ஆர்ம்கள் கொண்ட முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் எந்த ஆர்மில் அமர்ந்திருக்கிறதோ, அந்த ஆர்மின் பால் ஜாயிண்டே வண்டியின் எடையைச் சுமக்கும். மற்றது சக்கரத்தை நேராக நிறுத்தும் துணை மூட்டு. பெரும்பாலான பிக்கப்களில் ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ கீழ் ஆர்மில் இருப்பதால் கீழ் மூட்டே சுமை மூட்டு.

சுமை மூட்டிலும் இரண்டு வகை உண்டு. அழுத்த வகையில் வண்டியின் எடை பந்தைக் கிண்ணத்துக்குள் மேலும் அழுத்தும். தேய்ந்தாலும் பந்து உள்ளேயே கிடக்கும். இழுவை வகையில் அதே எடை பந்தைக் கிண்ணத்திலிருந்து வெளியே இழுக்கும். இங்கே பந்தைத் தடுத்து வைத்திருப்பது கிண்ணத்தின் விளிம்பு மட்டுமே. விளிம்பும் பந்தும் தேயத் தேய, ஒரு கட்டத்தில் பந்து உருவிக்கொண்டு வந்துவிடும். தேய்மானம் ஒரே அளவாக இருந்தாலும் விளைவு ஒன்றல்ல என்பதால், தன் வண்டியில் இருப்பது எந்த வகை என்று உரிமையாளர் அறிந்து வைத்திருப்பது அவசியம்.

பக்கவாட்டு விசையும் இம்மூட்டில் பெருகி விழுகிறது. கீழ் மூட்டு தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்திலும் மேல் மூட்டு 55 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். வளைவில் டயரின் மீது தரை செலுத்தும் பக்கவிசையைப் போல ஏறத்தாழ 1.83 மடங்கு கீழ் மூட்டில் விழும். டயரின் ஆரத்தை 5 செ.மீ. கூட்டினால் இரு மூட்டுகளும் அதே அளவு உயர்ந்து, அது 2 மடங்காகும். சக்கரத்தை 3 செ.மீ. வெளியே தள்ளும் ரிம் போட்டால், வண்டி நிற்கும்போதே சக்கரச் சுமையில் பத்தில் ஒரு பங்கு கூடுதல் பக்கவிசையாக இரு மூட்டுகளிலும் ஏறும்.

தேய்மானம் வளரும் விதம்

சுழலும் தண்டுக்கும் பேரிங்கிற்கும் இடையே எண்ணெய்ப் படலம் தானாக உருவாகி உலோகங்களைப் பிரித்து வைக்கும். பால் ஜாயிண்ட் அப்படிச் சுழல்வதில்லை. சிறு கோணத்தில் முன்னும் பின்னும் அசைகிறது. எனவே முழுப் படலம் நிலைப்பதில்லை. பந்தின் வழவழப்பும் கிரீஸின் தரமுமே உராய்வைத் தணிக்கின்றன. 1953இல் ஆர்ச்சர்ட் வகுத்த விதியின்படி தேயும் பொருளின் அளவு சுமையையும் சறுக்கும் தூரத்தையும் பொறுத்துக் கூடும். பொருளின் கடினத்தைப் பொறுத்துக் குறையும். பந்தில் கீறல் இருந்தால் அது ஒவ்வோர் அசைவிலும் கிண்ணத்தைச் சுரண்டும். சுரண்டிய துகள் கிரீஸில் கலந்து, கிரீஸே தேய்க்கும் பொடியாக மாறும்.

இடைவெளி விழுந்த பின் தேய்மானம் வேகமெடுக்கும். பந்து ஒவ்வொரு குழியிலும் கிண்ணத்தை மோதும். அந்த அசைவு பூட்டின் விளிம்பைத் தளர்த்தி நீரையும் மணலையும் உள்ளே இழுக்கும். துரு பிடித்த பந்து இன்னும் வேகமாகத் தேயும்.

காரணங்கள்

தயாரிப்புக் குறை, பூட் கிழிதல், கிரீஸ் வற்றுதல் ஆகிய மூன்றும் முதன்மையானவை. நிப்பிளில் அளவுக்கு மீறிய அழுத்தத்தில் கிரீஸ் ஏற்றினாலும் பூட் கிழியும். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் பகுதிகளில், கிழிந்த பூட் வழியே நுழையும் உப்புநீர் பந்தை அரிக்கும்.

அடுத்தவை உரிமையாளர் செய்யும் மாற்றங்கள். லிஃப்ட் கிட் போட்டு வண்டியை உயர்த்தும்போது ஆர்ம்களின் சாய்வு மாறி, தண்டு தன் அசைவு எல்லைக்கு அருகிலேயே நின்றுவிடும். சக்கரம் முழுதாகத் தொங்கும் தருணத்தில் தண்டு கிண்ணத்தின் வாயில் இடிக்கும். பெரிய டயரும், வெளியே தள்ளிய ரிம்மும், வண்டி முன்னால் பொருத்தும் பனித்தள்ளு கத்தியும் சுமையைக் கூட்டுபவை. மாற்றும் வேலையில் மூட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் புதிய மூட்டின் ஆயுளைக் குறைக்கும்.

டொயோட்டா திரும்ப அழைப்புகள்

இப்பழுதின் நன்கு அறியப்பட்ட நிகழ்வு அமெரிக்காவில் விற்ற டொயோட்டா பிக்கப்களைச் சார்ந்தது. 2005இல் டொயோட்டா அந்நாட்டில் 7.5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திரும்ப அழைத்தது. 2001 முதல் 2004 வரையிலான டகோமா பிக்கப்கள் அதில் முக்கியமானவை. டண்ட்ரா பிக்கப்பும் 4ரன்னர், சிகோயா எஸ்யூவிகளும் பட்டியலில் இருந்தன. தயாரிப்பின்போது பந்தின் மேற்பரப்பில் கீறல் விழுந்திருக்கலாம் என்பதே காரணம். ஸ்டியரிங் கனப்பது, வளைவுக்குப் பின் தானாக நேருக்குத் திரும்பாமல் போவது, முன்பக்கம் சத்தம் எழுவது ஆகியவை முன் அறிகுறிகளாகச் சொல்லப்பட்டன. கடுமையான நிலையில் கீழ் பால் ஜாயிண்ட் நக்கிளிலிருந்து பிரிந்து, ஸ்டியரிங் கட்டுப்பாடு போய்விடக்கூடும்.

2007 ஜனவரியில் 2004–2006 டண்ட்ரா, 2004–2007 சிகோயா ஆகியவற்றில் ஏறத்தாழ 5,33,000 வாகனங்கள் அழைக்கப்பட்டன. இம்முறையும் காரணம் ஓர் உறுப்பின் மேற்பரப்பு சரியாக முடிக்கப்படாததே. முதல் தலைமுறை டகோமாவின் நான்கு சக்கர இயக்க வகைகளில் கீழ் மூட்டு இழுவை வகை. கிண்ணம் நக்கிளின் அடியில் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்க, தண்டு கீழ்நோக்கி ஆர்முக்குள் இறங்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத கீறல் சக்கரம் பிரியும் அளவுக்குப் போனதில் இந்த அமைப்புக்கும் பங்குண்டு.

டாட்ஜ் நிகழ்வு

2004 டிசம்பரில் டெய்ம்லர்கிரைஸ்லர் 2000–2003 டாட்ஜ் டகோட்டா பிக்கப், டுராங்கோ எஸ்யூவி ஆகியவற்றில் சுமார் 6 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. இங்கே பழுதானது மேல் பால் ஜாயிண்ட், அதாவது வண்டியின் எடையைச் சுமக்காத துணை மூட்டு. உள்ளே நீர் புகுந்து, துருவால் தேய்ந்து, மூட்டு பிரியக்கூடும் என்பது காரணம். சுமை குறைந்த மூட்டும் முத்திரை கெட்டால் நிலைக்காது என்பதற்கு இது தெளிவான சான்று.

அறிகுறிகளும் சோதனையும்

குழியில் இறங்கும்போது டங்கென்ற ஓசை, ஸ்டியரிங் திருப்பும்போது கிறீச்சொலி, நேர்ச்சாலையில் வண்டி அலைதல், முன் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்தல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். ஆயினும் ஓசையே வராமல் தேயும் மூட்டுகளும் உண்டு. எனவே சத்தம் வரும்வரை காத்திருப்பது சரியல்ல.

ஸ்பிரிங் கீழ் ஆர்மில் இருக்கும் வண்டியில் ஜாக்கியை சேஸிஸுக்கு அடியில் வைத்தால் ஸ்பிரிங்கின் இறுக்கம் மூட்டின் ஆட்டத்தை மறைத்துவிடும். கீழ் ஆர்முக்கு அடியில், மூட்டுக்கு அருகே ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். பிறகு டயருக்குக் கீழே கடப்பாரையை விட்டு நெம்பி, மூட்டு மேலும் கீழும் நகரும் அளவை டயல் கேஜில் படித்து, அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் வகுத்த எல்லையோடு ஒப்பிட வேண்டும். டயரின் மேல்முனையையும் கீழ்முனையையும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், உதவியாளரைப் பிரேக் மிதிக்கச் சொல்லலாம். அப்போது ஆட்டம் நின்றால் குறை சக்கர பேரிங்கில்; தொடர்ந்தால் பால் ஜாயிண்டைப் பார்க்க வேண்டும். சில மூட்டுகளில் நிப்பிளின் அடிப்பாகமே தேய்மானக் குறியாக ஏறத்தாழ 1.27 மி.மீ. வெளியே நீண்டிருக்கும். அது உட்சென்று மட்டமாகிவிட்டால் மூட்டை மாற்ற வேண்டும். இக்குறியைச் சக்கரங்கள் தரையில் நிற்கும்போதே பார்க்க வேண்டும்.

மாற்றும் முறை

தேய்ந்த பால் ஜாயிண்டைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றுவதே தீர்வு. தண்டையும் அது அமரும் துளையையும் துடைத்து, கிரீஸ் தடவாமல் உலர்வாகப் பொருத்த வேண்டும். நட்டைத் தயாரிப்பாளர் குறித்த டார்க்கில் இறுக்கிய பின் ஸ்பிளிட் பின் துளை நேர்படாவிட்டால், அடுத்த துளைவரை மேலும் இறுக்க வேண்டுமே தவிர ஒருபோதும் தளர்த்தக் கூடாது. ஸ்பிளிட் பின் புதிதாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் பார்ப்பது கட்டாயம். ஒரு பக்க மூட்டு தேய்ந்திருந்தால் மறுபக்கமும் அதே சாலையில் அதே தூரம் ஓடியதே என்பதால், அதையும் அன்றே அளக்க வேண்டும். இழுவை வகை மூட்டுள்ள வண்டியில் ஆட்டம் எல்லையைத் தாண்டியது தெரிந்தால், மூட்டு மாற்றும்வரை அந்த வண்டியை ஓட்டக் கூடாது.