எண்ணிக்கையும் நடைமுறையும்

உறுப்பு அல்லது மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை மையம் ஒன்று தர அங்கீகாரம் வாங்குவது ஒரு வேலை என்றால், அதைத் தக்கவைப்பது இன்னொரு வேலை. புதுப்பிக்க வருபவர் எதைக் கேட்பார் என்று தெரிந்துவிட்டால், இடைப்பட்ட ஆண்டுகளில் மையம் அதற்கேற்பவே நடக்கத் தொடங்கிவிடும். அமெரிக்காவில், முதன்மையாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் நிர்வாகம் உறுப்பு மாற்று மையங்களுக்கு 2007-இல் கொண்டுவந்த விதியையும், ஐரோப்பாவில் எலும்பு மஜ்ஜை மாற்று மையங்களுக்கான ஜேசி அங்கீகாரத்தையும் அருகருகே வைத்தால் இது தெரியும். சிறுநீரகமும் மஜ்ஜையும் வேறு வேறு உலகங்கள்தான். ஆனாலும் ஆண்டுக்குச் சராசரியாக 10 சிகிச்சைகளாவது நடந்திருக்க வேண்டும் என்று இரண்டுமே கேட்டன. ஜேசியில் இது கொடையாளரிடமிருந்து செல் பெறும் நோயாளிகளுக்கான கணக்கு. ஒற்றுமை ஏறக்குறைய அத்தோடு சரி.

2007 விதி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மையத்தின் முடிவுகளை எடைபோட்டது. சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை உறுப்புகள் செயலிழந்தன என்று எண்ணி, எதிர்பார்த்த அளவோடு ஒப்பிட்டது. உண்மை எண் எதிர்பார்ப்பைவிட மூன்றுக்கு மேல் கூடி, 1.5 மடங்கையும் தாண்டி, அது தற்செயல் அல்ல என்று புள்ளியியலும் சொன்னால் மையம் தவறியதாகப் பொருள்; தவறினால் மெடிகேர் பணம் நிற்கக்கூடும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயது பாராமல் மெடிகேர் பணம் தரும் நாடு அது. அந்தப் பணம் நின்றால் சிறுநீரகப் பிரிவை மூட வேண்டியதுதான்.

மையங்கள் என்ன செய்யும்? வயதான கொடையாளரின் சிறுநீரகம் வந்தால் தயங்கின. இதயம் பலவீனமான நோயாளியைப் பட்டியலில் சேர்க்க யோசித்தன. காத்திருப்புப் பட்டியலிலேயே ஒருவர் இறந்துபோனால் இந்தக் கணக்கில் மையத்துக்கு ஒரு குறையும் இல்லை. துணிந்து அறுவை செய்து இழந்தால்தான் குறை. விதியின் கோளாறு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும் என்பேன். 2016-இல் வரம்பை 1.85 மடங்காகத் தளர்த்தினார்கள். 2019-இல், பயன்படுத்தக்கூடிய உறுப்புகள் வீணாவதைக் காரணம் காட்டி, மறு அங்கீகாரத்துக்கான முடிவு அளவுகோல்களையே நீக்கினார்கள்.

ஜேசி 1998-இல் தொடங்கியது. அமெரிக்காவின் ஃபாக்ட் அங்கீகார அமைப்போடு ஒரே தரநூலைப் பகிர்ந்துகொள்கிறது. அங்கீகாரம் நான்கு ஆண்டுக்கு. நடுவில், இரண்டாம் ஆண்டில், ஓர் இடைக்காலத் தணிக்கை. ஆய்வுக்கு வருபவர்கள் வேறு மையங்களில் இதே வேலையைச் செய்பவர்கள்; தன்னார்வலர்கள். அவர்கள் கேட்பது: எழுதிவைத்த செயல்முறைகளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்த்தீர்களா? எழுதிக்கொடுத்த கீமோ மருந்தும் நோயாளிக்கு ஏற்றிய மருந்தும் ஒன்றுதானா என்று தணிக்கை செய்தீர்களா? செல் பையில் கிருமி வளர்ந்தபோது யாருக்குத் தகவல் போனது, அதன்பின் எது மாறியது? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அஞ்சி எந்த மருத்துவரும் நோயாளியைத் திருப்பி அனுப்பமாட்டார்.

பலன் உண்டா? 1999 முதல் 2006 வரை ஐரோப்பாவில் சிகிச்சை பெற்ற 1,07,904 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2011-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கீகாரப் பாதையில் மையம் எவ்வளவு முன்னேறியிருந்ததோ, அவ்வளவு நல்ல முடிவுகள். நல்ல மையங்கள்தான் முதலில் விண்ணப்பித்திருக்கும் என்ற ஐயம் எனக்கு முழுதாகத் தீரவில்லை. ஆய்வு தேதி நெருங்கும்போது மட்டும் கோப்புகளைத் தூசி தட்டும் பழக்கத்தையும் இந்த முறை ஒழித்துவிடவில்லை. சிறிய மையத்தில் தர மேலாளர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் எல்லாமே தடுமாறும்.

ஜேசி முடிவுகளைக் கண்டுகொள்ளாமலும் இல்லை. ஓராண்டு உயிர்வாழ்வு எதிர்பார்த்ததற்குக் கீழே போனால் காரணத்தைக் கண்டறிந்து திருத்தத் திட்டம் தர வேண்டும். அதே எண்தான்: மெடிகேர் அதைத் தீர்ப்பாக வைத்தது, ஜேசி விசாரணைக்கான தொடக்கமாக வைக்கிறது. மெடிகேர் இப்போது எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது: 2025 ஜூலையில் 103 சிறுநீரக மாற்று மருத்துவமனைகளில் தொடங்கிய ஆறாண்டுத் திட்டத்தில், எத்தனை மாற்றுச் சிகிச்சைகள் செய்தார்கள் என்பதற்கும் மதிப்பெண், அதைப் பொறுத்துப் பணம்.