மணலிற் புதைந்த எஞ்சினும் ஒரு மனிதனின் பெயரும்
‘பாப்ஸ்’ மோட்டார் வண்டியின் மீட்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இறந்த காலத்தை அறிய விழையும் ஆய்வாளர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஏட்டுச்சுவடியையும் சான்றாகக் கொள்வது மரபு. இயந்திரத்தை அவ்வாறு கொள்வோர் நம்மிடையே மிகச் சிலரே. இயந்திரம் என்பது உழைக்கும்வரை உழைத்துப் பின்னர் பழைய இரும்பாக விலைபோவது. அதற்கு வரலாறு ஏது என்பதே பொதுவான எண்ணம். ஆயினும், எழுத்துச் சான்றுகள் தெளிவின்றி நின்ற ஒரு நிகழ்வில் இயந்திரமே சாட்சியாக வந்து பேசியதும் உண்டு. வேல்ஸ் நாட்டின் பெண்டைன் கடற்கரையில் 1927ஆம் ஆண்டு புதைக்கப்பட்டு, 1969இல் தோண்டியெடுக்கப்பட்டு, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக்கால உழைப்பினால் மீண்டும் இயக்கப்பட்ட ‘பாப்ஸ்’ என்னும் மோட்டார் வண்டியின் கதை அத்தகையது. அம்மீட்பு பலருடைய தடையுரைகளுக்கிடையே நடந்தேறியது. அத்தடையுரைகள் எவ்வளவு தூரம் நியாயமானவை, அவற்றைக் கடந்து செய்யப்பட்ட பணியால் வரலாற்றுக்குக் கிட்டியது யாது என்பவற்றை இக்கட்டுரையில் நாம் நோக்குவோம்.

வண்டியும் அதன் எஞ்சினும்

‘பாப்ஸ்’ வண்டியின் உயிர்நாடி அதன் எஞ்சினாகும். அது மோட்டார் வண்டிக்கென ஆக்கப்பட்டதன்று. முதலாம் உலகப்போரில் ஐக்கிய அமெரிக்கா இறங்கியபோது, அதன் வானூர்திகளுக்கென ஒரு பொது எஞ்சின் தேவைப்பட்டது. 1917 மே மாத இறுதியில் பக்கார்ட் நிறுவனத்தின் ஜெசி வின்சென்ட், ஹோல்-ஸ்கொட் நிறுவனத்தின் எல்பேட் ஹோல் ஆகிய இரு பொறியியலாளரும் வாஷிங்டன் நகரத்து விடுதியொன்றில் அமர்ந்து, ஐந்து நாட்களுள் அதன் அடிப்படை வரைபடங்களை ஆக்கி முடித்தனர். ‘லிபேட்டி’ எனப் பெயர்பெற்ற இவ்வெஞ்சின் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தி செய்யப்பட்டது. போர் முடிந்ததும் அவற்றுட் பல தேவையற்ற மிகைப்பொருளாகி மலிந்த விலைக்கு வந்தன.

இதன் அமைப்பைச் சிறிது விளக்குதல் அவசியம். பின்னர் கூறவிருக்கும் மீளமைப்பின் அருமை அதிலேயே தங்கியுள்ளது. ஐந்து அங்குல விட்டமும் ஏழு அங்குல வீச்சும் கொண்ட பன்னிரண்டு சிலிண்டர்கள் இரு வரிசைகளாக, 45 பாகைக் கோணத்தில் சாய்ந்து நிற்கும். இவற்றின் மொத்தக் கொள்ளளவு 27 லீற்றர். சிலிண்டர்கள் ஒரே வார்ப்பாக அமையாமல், ஒவ்வொன்றும் தனித்தனி உருக்குப் பகுதியாக இருக்கும். குளிராக்கும் நீர் சுற்றிவர, மெல்லிய உருக்குத் தகட்டு உறை அவற்றின்மீது ஒட்டுப்போடப்பட்டிருக்கும். இவற்றைத் தாங்கும் கிராங்குப் பெட்டியும் உள்ளே ஓடும் பிஸ்டன்களும் அலுமினியத்தாலானவை. வானிற் பறப்பதற்கு வேண்டிய இலேசான தன்மையை இவ்வாறு பெற்றனர்.

இவ்வெஞ்சினை நிலத்தில் ஓடும் வண்டியிற் பூட்டியவர் லூயி ஸ்பொரோவ்ஸ்கி பிரபு. இங்கிலாந்தின் கன்ரபரி நகருக்கு அண்மையிலுள்ள ஹையம் மாளிகையில் வாழ்ந்த இவர், வானூர்தி எஞ்சின் பூட்டிய பல பந்தய வண்டிகளை ஆக்கியவர். பிற்காலத்தில் இயன் பிளெமிங் எழுதிய சிறுவர் நூலுக்குப் பெயர் தந்த ‘சிட்டி பாங் பாங்’ வண்டியும் இவருடையதே. லிபேட்டி எஞ்சினோடு, போருக்கு முற்பட்ட பென்ஸ் பந்தய வண்டியொன்றின் கியர்ப்பெட்டியையும் சங்கிலி இயக்கத்தையும் இணைத்து அவர் ஆக்கிய வண்டி ‘ஹையம் ஸ்பெஷல்’ எனப்பட்டது. 1924 ஒக்டோபரில் இத்தாலியின் மொன்சா பந்தயத்தில் ஸ்பொரோவ்ஸ்கி உயிரிழந்தார். அவரது உடைமைகளிலிருந்து இவ்வண்டியை 125 பவுணுக்கு வாங்கியவர் ஜோன் கொட்பிறி பாரி தோமஸ்.

பாரி தோமஸ் 1884இல் ரெக்சம் நகரிற் பிறந்தவர்; லேலண்ட் மோட்டார் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராகப் பணியாற்றி, ‘லேலண்ட் எயிட்’ என்னும் உயர்தர வண்டியை வடிவமைத்தவர். பின்னர் அப்பணியை விடுத்து, புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையிலேயே குடியிருந்து பந்தய வண்டிகளை ஆக்கவும் ஓட்டவும் தலைப்பட்டார். செல்வந்தரின் பொழுதுபோக்காயிருந்த வேகப்போட்டியில், தானே வரைந்து தானே திருத்தித் தானே ஓட்டிய தொழில்வல்லுநர் அவர் என்பது குறிப்பிடத்தக்கது. வாங்கிய வண்டிக்குத் தாமே வடிவமைத்த பிஸ்டன்களையும் நான்கு காபரேற்றர்களையும் பொருத்தி, ‘பாப்ஸ்’ எனப் பெயரிட்டார். 1926 ஏப்பிரல் 28ஆம் நாள் பெண்டைன் மணலில் மணிக்கு 171.02 மைல் வேகத்தை எட்டி, உலக நிலவேகச் சாதனையை அவர் நிலைநாட்டினார்.

மரணமும் புதைப்பும்

1927 பெப்ரவரி 4ஆம் நாள் மல்கம் கம்பெல் அதே கடற்கரையில் ஏறத்தாழ 175 மைல் வேகத்தை எட்டி அச்சாதனையை முறியடித்தார். அதனை மீட்கும்பொருட்டு மார்ச் 3ஆம் நாள் ஓடியபோது ‘பாப்ஸ்’ நிலைதடுமாறிப் புரண்டது. பாரி தோமஸ் அவ்விடத்திலேயே உயிர்நீத்தார். நிலவேகச் சாதனை முயற்சியில் உயிரிழந்த முதல் ஓட்டுநர் அவரேயாவர். அதே மாதம் 29ஆம் நாள் அமெரிக்காவின் டேற்றோனா கடற்கரையில் ஹென்றி சீக்றேவ் 203 மைல் வேகத்தைத் தாண்டினார். உலகத்தின் கவனம் அங்கே திரும்பியது.

மரண விசாரணையின் பின்னர் வண்டி அக்கடற்கரை மணலிலேயே புதைக்கப்பட்டது. பாரி தோமஸின் உடல் புரூக்லண்ட்ஸுக்கு அண்மையிலுள்ள பைபிளீற் தேவாலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டது. மனிதனுக்கொரு கல்லறை, அவனைக் கொன்றதெனக் கருதப்பட்ட இயந்திரத்துக்கொரு கல்லறை என இரண்டு கல்லறைகள் எழுந்தன எனலாம். இயந்திரத்தோடு அதன் சாட்சியமும் புதைந்தது என்பதே வரலாற்று நோக்கில் முக்கியமானது. எஞ்சியது ஒரு கதை மாத்திரமே: ஓடும் வேகத்தில் இயக்கச் சங்கிலி அறுந்து மேலெழுந்து ஓட்டுநரின் தலையைத் தாக்கியது என்பது அக்கதை. எளிதில் நினைவில் நிற்கும் கொடூரம் அதற்கிருந்தது. ஆதலின் அது பல்லாண்டுக்காலம் ஆராய்வின்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வந்தது. தன் வண்டியின் உறுப்பொன்றினாலேயே கொல்லப்பட்ட பொறியியலாளன் என்ற பெயர் பாரி தோமஸுக்கு நிலைத்தது.

எதிர்ப்பும் அகழ்வும்

நாற்பது ஆண்டுகளின் பின், இவ்வண்டியை வெளிக்கொணர்ந்து இயங்கச் செய்யலாம் என்னும் எண்ணத்தோடு முன்வந்தவர் ஓவன் வின் ஓவன். வட வேல்ஸின் கேப்பல் கியூரிக் என்னும் மலைக் கிராமத்தவரான இவர், பாங்கர் தொழினுட்பக் கல்லூரியிற் பொறியியல் விரிவுரையாளராயிருந்தார். பெரிய அருங்காட்சியகத்தின் பின்பலமோ செல்வமோ இன்றி, தன் தொழிலறிவையும் ஓய்வு நேரத்தையும் நம்பி இறங்கியவர் அவர்.

அவர்முன் நின்ற தடைகளை நாம் மூன்றாக வகுக்கலாம். முதலாவது, உணர்வு சார்ந்தது. ஒருவர் உயிர்நீத்த வண்டி அவரது நினைவாகப் புதைக்கப்பட்டிருக்க, அதனைத் தோண்டுவது கல்லறையைத் தோண்டுவதற்கு ஒப்பாகும் என்ற கருத்து எழுந்தது. இரண்டாவது, உரிமை சார்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலம் முதல் பெண்டைன் கடற்கரை பாதுகாப்பு அமைச்சின் ஆயுதச் சோதனைக் களமாகிவிட்டமையால் அதன் அனுமதி தேவைப்பட்டது. இறந்தவரின் உறவினரது இசைவும் வேண்டப்பட்டது. மூன்றாவது, தொழினுட்பஞ் சார்ந்தது. உப்பீரம் நிறைந்த மணலில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் கிடந்த வண்டியில் என்னதான் எஞ்சியிருக்கும்? இம்மூன்றாவது ஐயத்தை அறியாமையின் விளைவெனத் தள்ளிவிட முடியாது. உருக்கும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்திருக்கும்போது, அவை ஒரு மின்கலம்போற் செயற்பட்டு, அலுமினியம் விரைந்து அரிக்கப்படும் என்பது வேதியியல் காட்டும் உண்மை. இரண்டு உலோகங்களையும் அருகருகே கொண்ட லிபேட்டி எஞ்சின் இவ்வரிப்புக்கு மிக எளிதில் இரையாகக் கூடியது.

அனுமதிகள் பெறப்பட்டு, 1969இல் வண்டி வெளியே எடுக்கப்பட்டது. உடற்றகடுகள் பெரிதும் அரிக்கப்பட்டிருந்தன. எனினும் மீளப் பயன்படுத்தத்தக்க இயந்திர உறுப்புக்களும் எஞ்சியிருந்தன.

மீளமைப்பு

இத்தகைய எஞ்சினை மீளமைத்தல் எவ்வாறான வேலை என்பதைத் தொழிற்சாலை அனுபவம் உள்ளோர் நன்கறிவர். துருவேறிய சிலிண்டரினுள் பிஸ்டன் வளையங்கள் இறுகிப் பிடித்திருக்கும். பலங்கொண்டு அடித்தால் அலுமினியம் வெடிக்கும். எண்ணெயில் ஊறவைத்தும் அளவாகச் சூடேற்றியும் நாட்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், பொறுத்தே ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். மெல்லிய நீருறைகளில் ஊசித்துளை ஒன்றிருப்பினும் நீர் கசிந்துவிடுமாதலின், அவற்றை அழுத்த நீர்கொண்டு சோதிக்க வேண்டும். கிராங்குத் தண்டினைத் தாங்கும் பேரிங்குகளின் வெள்ளீயப் பூச்சைப் புதிதாக வார்த்து, தண்டின் அளவுக்குக் கையாற் சுரண்டிப் பொருத்த வேண்டும். பன்னிரண்டு சிலிண்டர் என்பதனால் ஒவ்வொரு வேலையும் பன்னிரு முறை செய்யப்பட வேண்டும். அளவுகள் குறித்த கைந்நூல் கிடைக்காதவிடத்து, தேய்ந்த உறுப்பைத் தானே அளந்து அதன் மூல அளவை ஊகிக்க வேண்டியுமிருக்கும்.

இவ்விடத்தில் நம் துறையோடு ஓர் ஒப்புமை தோன்றுகின்றது. செல்லரித்த ஏட்டைப் பதிப்பிப்பவர், சிதைந்த சொல்லை ஓசையாலும் பொருளாலும் ஊகித்து நிரப்புகின்றார். நிரப்பிய இடத்தைக் குறியிட்டுக் காட்டுகின்றார். குறியிடாது நிரப்புவாராயின் அவர் பதிப்பாசிரியரல்லர், புதுநூல் செய்தவராவர். இயந்திரத்தை மீளமைப்பவரின் அறமும் இதுவேயென நாம் கருதுகின்றோம். எது பழையது, எது புதிதாக ஆக்கப்பட்டது என்னும் வேறுபாடு மறைக்கப்படாதவரையில் மீளமைப்பு வரலாற்றுப் பணியாகவே நிலைக்கும்.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் நீடித்த இப்பணியின் முடிவில் ‘பாப்ஸ்’ மீண்டும் வண்டியாயிற்று. அதன் எஞ்சின் மக்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டது. 1996இல் பெண்டைனில் வேக அருங்காட்சியகம் தொடங்கப்பட்டபின், ஆண்டின் ஒரு பகுதியில் அங்கே காட்சிப்படுத்தப்பட்டும் வந்தது. புதைக்கப்பட்ட ஊருக்கே வண்டி மீண்டதனால், கல்லறை பற்றிய மனக்குறையும் ஓரளவு தணிந்தது எனக் கொள்ளலாம்.

ஆயினும் இப்பணியின் தலையாய பேறு வேறொன்றாகும். வெளியே எடுக்கப்பட்ட உறுப்புக்கள் ஆராயப்பட்டபோது, சங்கிலிக் கதை உறுதியிழந்தது. வலப்புறப் பின்சக்கரம் சிதைந்தமையே வண்டி நிலைதடுமாறக் காரணமாகலாம் என்றும், வண்டி புரண்டு மணலிற் சறுக்கியபோதே ஓட்டுநர் மரணக் காயமுற்றிருக்கலாம் என்றும் கூறும் விளக்கம் வலுப்பெற்றது. நாற்பதாண்டுக்காலம் செவிவழி வந்த ஒரு செய்தியை ஐயுறுவதற்கு வேண்டிய சான்றினை மணலிலிருந்து வந்த இரும்பே தந்தது. பாரி தோமஸின் மரணம் அதனால் மாறிவிடவில்லை. அவரைப் பற்றிய மதிப்பீடு மாறுகின்றது.

மீட்பதா, விட்டுவைப்பதா?

மீளமைப்புக்கு எதிரான கருத்தும் மதிக்கத்தக்கதே என்பதற்குப் பிற்காலத்து நிகழ்வொன்று சான்றாகும். சுவிற்சர்லாந்தின் மகியோரே ஏரியடியிற் பல்லாண்டுகள் கிடந்த புகாட்டி வண்டியொன்று 2009 யூலையில் மேலே எடுக்கப்பட்டது. 2010இல் பாரிஸ் ஏலத்தில் அதனை வாங்கிய சேகரிப்பாளர் அதனைத் திருத்தாது, துருவோடும் சிதைவோடும் அவ்வண்ணமே காட்சிக்கு வைத்தார். அவ்வண்டியைப் பொறுத்தவரை அம்முடிவு பொருத்தமானதென்றே நாமும் கருதுகின்றோம். அதே வகை வண்டிகள் வேறும் உள்ளன. அதன் சிறப்பு ஏரியடியில் அது கழித்த காலத்திலேயே இருந்தது. ‘பாப்ஸ்’ வண்டியோ தன்னினத்தில் ஒன்றேயானது. அதன் சிறப்பு பிரபு ஒருவர் ஆக்கியதையும் பொறியியலாளர் ஒருவர் திருத்தியதையும் ஒருங்கே கொண்டு இயங்கிய முறையில் இருந்தது. அம்முறையை இயக்கியே அறிய முடியும். எனவே எல்லாவற்றுக்கும் ஒரே விதி கூறுதல் பொருந்தாது. எப்பொருள் எந்நிலையில் மிகுதியாகப் பேசும் என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தடையுரைத்தோர் யாவரும் தவறினார் என்று கூறுதல் நேர்மையாகாது. உணர்வு பற்றி எழுந்த தடை, உறவினரின் இசைவாலும் வண்டி பெண்டைனுக்கு மீண்டதாலும் விடைபெற்றது. தொழினுட்பம் பற்றிய ஐயம் உண்மையான ஐயமே. அதற்கு விடை சொல்லாற் கிடைக்கவில்லை, பதினைந்து ஆண்டு வேலையாற் கிடைத்தது. இனி இதனாற் பயனில்லை என்ற முடிவே ஆராய்வின்றி எடுக்கப்பட்டது. புதைத்தோர் 1927இல் எடுத்த அம்முடிவு அற்றைநாள் துயரத்துக்கு இயல்பானதாயினும், ஒரு மனிதனின் பெயரை நாற்பதாண்டுகள் கட்டுக்கதையொன்றின் பிடியில் விட்டுவைத்தது.

பழைய எஞ்சின்கள் எந்நாட்டிலும் கொட்டில்களிலும் புதர்களிலும் கிடக்கின்றன. அவை யாவும் மீட்கத்தக்கன அல்ல. ஆனால் இரும்புக்கடைக்கு அனுப்புமுன், அவை எதற்குச் சாட்சி என்னும் கேள்வியைக் கேட்பது ஆய்வாளரின் கடமை. அக்கேள்விக்குக் கருவியோடு விடைதேடும் கைவினைஞரும் எழுதுகோலோடு விடைதேடும் ஆய்வாளரும் ஒரு பணியின் இரு பகுதியினரே என்பது எமது துணிபு.