சைட்டன்வெண்டே

ஐரோப்பியப் பாதுகாப்பு பற்றி வல்லுநர்கள் கூடிப் பேசும் அரங்குகளில் இந்த ஜெர்மன் சொல் அடிக்கடி காதில் விழுகிறது. அதைத் தமிழில் 'கொள்கை மாற்றம்' என்று எழுதும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. சொல்லின் கனத்தில் பாதிகூட அதில் இறங்குவதில்லை. ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்த மூன்று நாளில், 2022 பிப்ரவரி 27 அன்று, ஜெர்மன் நாடாளுமன்றத்தில் அன்றைய சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் இச்சொல்லை ஆண்டார். ராணுவத்துக்கு 10,000 கோடி யூரோ தனிநிதியும் அறிவித்தார். ஆனால் சொல் அவருடையதல்ல, பழையது. 'சைட்' என்றால் காலம், 'வெண்டே' என்றால் திரும்புதல். கி.மு. முடிந்து கி.பி. தொடங்கும் எல்லைக்கும் இதே பெயர்தான். 1989இல் கிழக்கு ஜெர்மனியின் ஆட்சி சரிந்த நிகழ்வை அம்மக்கள் வெறுமனே 'வெண்டே' என்கிறார்கள். கதிரவன் வடக்கிலோ தெற்கிலோ எட்டிய எல்லையிலிருந்து திரும்பும் நாள் ஜெர்மானியர்களுக்கு 'சொன்னன்வெண்டே'. நம் அயனக் கணக்கு அறிந்தவர்களுக்கு அந்த அசைவு உடனே புரியும். தமிழில் 'யுகசந்தி' இருக்கிறதே என்பார்கள். சந்தி இரண்டு கூடுமிடம். திரும்புதல் அதில் இல்லை. 'திருப்புமுனை'யோ ஒரு புள்ளியோடு நின்றுவிடுகிறது, காலம் முழுவதும் புரளுவதைச் சொல்வதில்லை. நான் 'காலத்திருப்பம்' என்றே எழுதிவருகிறேன்.