முயல் இணக்கப்படுத்தல்

முயல் இணக்கப்படுத்தல் என்பது ஒன்றையொன்று அறியாத இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வளர்ப்பு முயல்களைப் படிப்படியாக அறிமுகப்படுத்தி, ஒரே இடத்தில் சண்டையின்றி வாழும் நிலைக்குக் கொண்டுவரும் முறை ஆகும். இது இனப்பெருக்கத்துக்காக ஆண், பெண் முயல்களைச் சேர்த்து விடுவதிலிருந்து வேறுபட்டது. சொல்லப்போனால், இனப்பெருக்க உறுப்புகள் அறுவை மூலம் நீக்கப்பட்ட முயல்களிடையேதான் இணக்கம் எளிதில் உண்டாகிறது. சில இணைகள் ஓரிரு நாட்களில் இணங்கிவிடுகின்றன. சிலவற்றுக்குப் பல மாதங்கள் தேவைப்படுகின்றன. அவசரப்பட்டு ஒரே கூண்டில் விடப்படும் முயல்கள் ஒன்றையொன்று கடுமையாகக் காயப்படுத்தக்கூடும். சில வேளைகளில் இறப்பும் நேர்கிறது.

உயிரியல் பின்னணி

உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படும் முயல்கள் அனைத்தும் ஒரிக்டோலேகசு குனிகுலசு என்னும் அறிவியல் பெயர் கொண்ட ஐரோப்பிய முயலின் வழிவந்தவை. ஐபீரியத் தீவக்குறையைத் தாயகமாகக் கொண்ட இவ்விலங்கு, நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. தமிழில் முயல் என்னும் ஒரே சொல் இதனையும் இந்தியக் காட்டு முயலையும் குறிப்பதால் குழப்பம் ஏற்படுகிறது. காட்டு முயல் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. வளை தோண்டாமல் பெரும்பாலும் தனித்து வாழ்வது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் கீழ் பாதுகாக்கப்பட்ட அதனை வீட்டில் வளர்க்க இயலாது. இக்கட்டுரையில் கூறப்படுபவை எவையும் அதற்குப் பொருந்தா.

ஐரோப்பிய முயல்களின் கூட்டு வாழ்வைப் பற்றி வேல்சு நாட்டு இயற்கையியலாளர் ஆர். எம். லாக்லி 1964 இல் வெளியிட்ட நூல் பரவலாக அறியப்பட்டது. ரிச்சர்டு ஆடம்சு 1972 இல் எழுதிய 'வாட்டர்சிப் டவுன்' புதினத்தில் வரும் முயல்களின் நடத்தைக்கு இந்நூலே அடிப்படை. ஆத்திரேலியாவில் ரோமன் மைக்கிட்டோவிச் நடத்திய ஆய்வுகள், முயல்கள் தம் தாடையின் கீழுள்ள சுரப்பியைப் பொருட்களில் தேய்த்து எல்லையைக் குறிப்பதையும், கூட்டத்தில் மேல்நிலையில் உள்ள ஆண் முயல்களில் இப்பழக்கம் மிகுந்திருப்பதையும் விளக்கின. ஆண்களுக்குள் ஒரு படிநிலையும் பெண்களுக்குள் மற்றொரு படிநிலையும் நிலவுகின்றன. பெண் முயல்கள் சாதுவானவை என்ற கருத்து தவறானது. குட்டி ஈனும் வளைக்காக அவை கடுமையாகச் சண்டையிடுகின்றன.

புல்வெளியில் தோற்ற முயல் ஓடிவிடும்; வென்றதும் சிறிது தொலைவு துரத்திவிட்டு நின்றுவிடும். வரவேற்பறையில் தோற்ற முயலுக்கு ஓட இடமில்லை. அது பார்வையிலேயே நிற்பதால், பணிந்த பின்னரும் எதிர்ப்பதாகவே மற்றது கொள்கிறது. சிறிய வீட்டில் எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலிருந்தே தொடங்குகின்றன.

துணையின் தேவை

இத்தனை இடர் இருக்கையில் ஒரு முயலைத் தனியே வளர்த்துவிடலாமே என்ற கேள்வி இயல்பானது. இலண்டனில் உள்ள அரச கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், முயல் காப்பகம் ஒன்றில் தனித்தும் இணையாகவும் வைக்கப்பட்டிருந்த முயல்களை ஒப்பிட்டு 2020 இல் ஆய்வு முடிவை வெளியிட்டனர். குளிர்காலத்தில் தனி முயல்களின் உடல் வெப்பநிலை குறைவாக இருந்தது; கூண்டுக் கம்பியைக் கடிக்கும் பழக்கமும் அவற்றிடமே காணப்பட்டது. மனிதரின் அன்பு முழுமையான மாற்றாகாது. முயல்கள் விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் சுறுசுறுப்பாக இருப்பவை. வேலைக்குச் செல்பவர் வீட்டில் இல்லாத, அல்லது உறங்கும் நேரத்தின் பெரும்பகுதியை அவை தனிமையிலேயே கழிக்க நேர்கிறது.

இணையும் அறுவைச் சிகிச்சையும்

கருத்தடை அறுவை செய்யப்பட்ட ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்த இணையே மிக எளிதில் இணங்குவது. இரு பெண்கள், இரு ஆண்கள் கொண்ட இணைகளும் சாத்தியமே. ஆனால் கூடுதல் பொறுமை தேவை. கருத்தடை செய்யப்படாத இரு ஆண்களை ஒன்றாக வைப்பது எவ்வகையிலும் பரிந்துரைக்கப்படுவதில்லை.

இந்தியக் கடைகளில் இளங்குட்டிகளை 'ஜோடி' என்று சேர்த்து விற்பது வழக்கம். அவ்வயதில் பால் பிரித்தறிவது கடினம் என்பதால் இச்சொல்லை நம்ப முடியாது. அக்குட்டிகள் சில வாரங்கள் ஒன்றன்மீது ஒன்று படுத்துறங்கும். வளர்ப்பவரும் இணக்கம் ஏற்பட்டுவிட்டதாக எண்ணுவார். மூன்று, நான்கு மாதங்களில் பருவம் எய்தியதும் ஒரே பாலினமாயின் சண்டையும், எதிர்ப் பாலினமாயின் கருத்தரிப்பும் தொடங்கும். சூல்காலம் ஏறத்தாழ 31 நாட்களே. ஈன்ற அன்றே தாய் மீண்டும் கருத்தரிக்க இயலும் என்பதால், பால் உறுதிப்படும் வரை அவற்றைப் பிரித்து வைப்பதே முறை.

ஆண் முயலுக்கு ஏறத்தாழ நான்கு மாதத்திலும் பெண் முயலுக்கு ஐந்து, ஆறு மாதத்திலும் அறுவை செய்யப்படுவது வழமை. அறுவைக்குப் பின்னும் ஆண் முயல் சில வாரங்கள் கருத்தரிக்கச் செய்யும் ஆற்றல் உடையது; எனவே ஆறு வாரம் வரை காத்திருப்பது பாதுகாப்பானது. பெண் முயல்களில் அறுவைக்கு மற்றுமொரு காரணமும் உண்டு. வயதான, அறுவை செய்யப்படாத பெண் முயல்களிடம் கருப்பைப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுகிறது. நாய், பூனைகளைப் போல் முயலை அறுவைக்கு முன் பட்டினி போடக்கூடாது. முயல் வாந்தி எடுக்க இயலாத விலங்கு. அதன் குடல் இயக்கம் நிற்பதே ஆபத்து. இதனை அறிந்த, முயல் மருத்துவத்தில் பயிற்சியுள்ள மருத்துவரைத் தேடுவது அவசியம்.

சிறிய வீட்டில் முன்னேற்பாடு

முதற் கட்டத்தில் இரு முயல்களும் அருகருகே தனித்தனி வேலிகளுக்குள் வைக்கப்படுகின்றன. வேலிகளுக்கிடையே மூக்கு எட்டாத அளவு இடைவெளி இருத்தல் வேண்டும். இல்லையெனில் கம்பி வழியே மூக்கும் உதடும் கடிபடும். நாள்தோறும் அவற்றின் கழிவுத்தட்டு, விரிப்பு, சில நாட்கள் கழித்து இருப்பிடம் என ஒன்றன் உடைமை மற்றதற்கு மாற்றித் தரப்படுகிறது. மணமே முயலின் முதன்மை மொழி என்பதால், நேரில் சந்திக்குமுன் பாதி அறிமுகம் இவ்வாறே முடிந்துவிடுகிறது. இரண்டும் வேலியோரத்தில் அடுத்தடுத்துப் படுக்கத் தொடங்குவது நல்ல அறிகுறி.

சந்திப்புக்குப் பொதுவிடம், அதாவது இரண்டும் இதுவரை கால் வைக்காத இடம், தேவை. ஓரறை வீட்டில் இது கிடைப்பது அரிது. குளியலறை, சமையலறையின் ஒரு மூலை, நண்பர் வீடு ஆகியவை பயன்படுகின்றன. வேறு வழியில்லாதபோது தரையை நீர்த்த வினாகிரியால் துடைத்து, அறைக்கலன்களை இடம் மாற்றி, பழைய அறையையே புதிதாக்கலாம். வழவழப்பான ஓட்டுத்தரையில் பாய் விரிக்காமல் முயலை விடுதல் தவறு. பின்னங்கால்கள் வலிமையானவை, எலும்புகளோ மெல்லியவை. வழுக்கி உதைக்கையில் முதுகெலும்பே முறியக்கூடும். வெப்ப நாடுகளில் 28 பாகை செல்சியசுக்கு மேல் முயல்கள் துன்புறும் என்பதால், சந்திப்புகளைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது.

சந்திப்புகள்

முதற் சந்திப்புகள் ஐந்து, பத்து நிமிடங்களுக்கு மேற்படாமல் அமைகின்றன. உலர்புல்லை இரு குவியல்களாக இட்டு, இருபுறமும் திறந்த அட்டைப்பெட்டிகளை வைப்பர். ஒரே வாயில் உள்ள பெட்டி ஒளிவிடம் ஆகாது, பொறியாகும். கனத்த கையுறையும் துவாலையும் அருகில் இருத்தல் வேண்டும். சண்டையிடும் முயல்களை வெறுங்கையால் பிரிப்பவர் கடிபடுவது உறுதி.

எதைத் தடுப்பது, எதை விடுவது என்பதே இம்முறையின் நுட்பம். சிறிது துரத்தல், மேலேறுதல், சிறு கொத்து முடி பிடுங்கல் ஆகியவை படிநிலையை முடிவு செய்யும் இயல்பான செயல்கள். ஒவ்வொன்றிலும் குறுக்கிட்டால் முடிவு தள்ளிப்போகுமேயன்றி மறையாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. தலைப்பக்கமாக மேலேறும் முயலை உடனே விலக்க வேண்டும், ஏனெனில் கீழுள்ளது அதன் பிறப்புறுப்பைக் கடித்துவிடலாம். காது பின்மடிந்து வால் நிமிர்ந்து நிற்பது தாக்குதலுக்கு முன்னறிகுறி. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உருண்டால் சந்திப்பை அங்கேயே நிறுத்தித் தோலில் காயம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அடர்ந்த முடிக்குள் கடிகாயம் மறைந்து சீழ்க்கட்டியாவது வழக்கம்.

அருகே இருந்து உண்ணுதல், உடலைத் தூய்மை செய்துகொள்ளுதல், பக்கவாட்டில் சாய்ந்து படுத்தல் ஆகியவை முன்னேற்றத்தைக் காட்டுகின்றன. ஒன்று தலையைத் தாழ்த்தி நீட்ட மற்றது நக்கிவிடுவது பெரிய திருப்பம். சுவையான செய்தி யாதெனில், தலை தாழ்த்துவது பெரும்பாலும் பணியும் முயல் அன்று. தனக்குப் பணிவிடை செய்யுமாறு கேட்கும் மேல்நிலை முயல். நேரத்தைப் படிப்படியாக நீட்டித்து, ஓர் இரவும் பகலும் பூசலின்றிக் கழிந்தபின் நிலையான இருப்பிடத்துக்கு மாற்றுவர். பிரித்தானிய முயல் நல அமைப்பு இரு முயல்களுக்குக் குறைந்தது 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் கொண்ட இடத்தைப் பரிந்துரைக்கிறது.

முயல்களை ஒரு பெட்டியில் அடைத்து மகிழுந்தில் கொண்டு செல்வது, ஓடும் சலவை இயந்திரத்தின்மீது வைப்பது போன்ற முறைகளும் நெடுங்காலம் கூறப்பட்டு வந்தன. அச்சத்தில் ஒடுங்கி நிற்பதை நட்பு எனக் கொள்வதே இவற்றின் குறை. அழுத்தத்தால் முயல் உண்பதை நிறுத்தினால் குடல் இயக்கம் தடைப்பட்டு ஒரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகள்

மக்களில் பெரும்பான்மையோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வாழும் சிங்கப்பூரில், இவ்வீடுகளில் பூனை வளர்ப்பு 2024 செப்டம்பர் வரை தடைசெய்யப்பட்டிருந்தது. முயலுக்கு அனுமதி உண்டு. இவ்வீடுகள் பலவற்றில் உள்ள புகலறையைப் பலரும் பண்டக அறையாகப் பயன்படுத்துகின்றனர். முயல் நுழையாத இடம் என்பதால் பொதுவிடமாகத் தோன்றினாலும், தடித்த சுவரும் கனத்த கதவும் உடைய அவ்வறையில் காற்றோட்டம் குறைவு. வெப்ப மண்டலத்தில் அது ஏற்றதன்று. கதவு வலையிட்டு அடைக்கப்பட்ட சமையலறையே மேலானது.

இணக்கம் குலைதல்

ஏற்பட்ட இணக்கம் நிலையானது அன்று. ஒரு முயல் மட்டும் மருத்துவமனை சென்று திரும்பினால், அந்நிய மணத்தால் மற்றது அதனைப் புதியவராகக் கருதித் தாக்கலாம். ஆகவே நோயுற்றது ஒன்றாயினும் இரண்டையும் ஒரே கூண்டில் எடுத்துச் செல்வதே வழக்கம். இணையில் ஒன்று இறக்குமாயின், உயிருடன் உள்ள முயலை இறந்த முயலின் உடலருகே சிறிது நேரம் விட்டு வைக்குமாறு மருத்துவர்கள் கூறுவதுண்டு. சில முயல்கள் முகர்ந்துவிட்டு விலகும். சில நெடுநேரம் அருகிலேயே படுத்திருக்கும். அதன்பின் அம்முயல் உண்கிறதா, கழிவு இயல்பாக உள்ளதா என்பதைச் சில நாட்கள் இடைவிடாது கவனிக்க வேண்டும்.