காமிராவை அணைத்தால் காட்சி முடிந்தது

2020, மார்ச் 12. வியாழக்கிழமை. நியூ யார்க், பிராட்வேயில் இருந்த 41 நாடக அரங்குகளும் ஒரே நாளில் விளக்கை அணைத்தன. கொரோனா. ஒரு மாதத்தில் திறந்துவிடலாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஒன்றரை வருடம் ஆயிற்று.

நடிகர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அதே சமயத்தில் சத்தமில்லாமல் தவித்த இன்னொரு கூட்டம் உண்டு. நாடகம் சொல்லித்தரும் வாத்தியார்கள். அரங்கத்தை மூடினால் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஃபீஸ் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு என்ன பதில் சொல்வது? கணக்கு வாத்தியாரும் சரித்திர வாத்தியாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். நாடக வாத்தியார் எங்கே போவார்? எதிரே நிற்கும் இன்னொரு ஆளின் கண்ணும் மூச்சும்தானே அவருக்குப் பாடப்புத்தகம்?

ஆனாலும் வகுப்பு நடந்தாக வேண்டும். அடுத்த வாரமே. ஜூமா, ஸ்கைப்பா, கூகுள் மீட்டா, மைக்ரோசாஃப்ட் டீம்ஸா? நின்று நிதானமாக யோசிக்க நேரமில்லை.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இதில் ஒன்றுகூட நாடகத்துக்காகப் பிறந்தது அல்ல.

முகம் பார்த்துப் பேசும் ஆசை ரொம்பப் பழசு. 1936-லேயே ஜெர்மன் தபால் இலாகா பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் நடுவே படத்தோடு கூடிய தொலைபேசிச் சேவையைத் தொடங்கிவிட்டது. யுத்தம் வந்தது, மூடினார்கள். 1964-ல் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 'பிக்சர்போன்' கொண்டுவந்தது. ஜனாதிபதி ஜான்சனின் மனைவி லேடி பேர்டே பேசித் தொடங்கிவைத்தார். நியூ யார்க், வாஷிங்டன், சிகாகோ என்று மூன்றே ஊர்களில் பூத். மூன்று நிமிடத்துக்குக் கட்டணம் 16 டாலரில் ஆரம்பம்.

படித்தது வணிகவியல். பில்லைக் கண்டால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்த ரேட்டில் ஒரு மணி நேர வகுப்பு எடுத்தால் 320 டாலர். அன்றைய அமெரிக்காவில் ஒரு புத்தம்புது ஃபோக்ஸ்வேகன் பீட்டில் சுமார் 1,600 டாலர். ஆக, ஐந்து வகுப்புக்கு ஒரு கார்! பிக்சர்போன் படுத்துவிட்டதில் என்ன ஆச்சரியம்?

ஜூமின் கதை ஒரு காதலில் ஆரம்பிக்கிறது. எரிக் யுவான் என்ற சீன மாணவர், காதலியைப் பார்க்கப் பத்து மணி நேரம் ரயிலில் போகவேண்டியிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். அப்புறம் அமெரிக்க ஆசை வந்தது. எட்டு முறை விசா மறுத்தார்கள். ஒன்பதாவது முறை கொடுத்தார்கள். 1997-ல் போய் வெபெக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அதை 2007-ல் சிஸ்கோ வாங்கியது. 2011-ல் வெளியே வந்து தனிக்கடை போட்டார். 2013-ல் ஜூம் விற்பனைக்கு வந்தது.

கதை ஆரம்பித்தது காதலியிடம் என்றாலும், கடை திறந்தபோது வாடிக்கையாளர் ஆபீஸ் மேனேஜர். ஆபீஸ் மீட்டிங்குக்கு என்ன வேண்டும்? ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஃபேன் சத்தம், நாய் குரைப்பு, கீபோர்டு தட்டும் ஓசை எதுவும் கேட்கக்கூடாது. அதை இந்த சாஃப்ட்வேர்கள் பிரமாதமாகச் செய்தன.

சிக்கலே அங்கேதான். ஒரு மாணவி வசனத்துக்கு நடுவே மெல்ல விசும்புகிறாள். ஏதோ ஏ.சி. சத்தம் என்று நினைத்து சாஃப்ட்வேர் அதைத் துடைத்துப் போட்டுவிடும். இன்னொருவன் அடிவயிற்றிலிருந்து கத்துகிறான். உடனே அதுவாகவே வால்யூமைக் குறைத்துவிடும். ரகசியக் குரலும் ராட்சசக் குரலும் ஒரே மாதிரி வந்து சேர்ந்தால், குரல் பயிற்சியில் வாத்தியார் எதைத்தான் திருத்துவார்?

ஜூமின் செட்டிங்ஸுக்குள் ஒரு மூலையில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதைத் தட்டினால் சாஃப்ட்வேர் தன் துடைப்பத்தைக் கீழே வைத்துவிடும். இருப்பது இருப்பதுபோலவே போய்ச் சேரும். என்ன, எல்லோரும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் புகுந்து எதிரொலி கிளம்பலாம். நாடக வாத்தியார்களும் இசை வாத்தியார்களும் ஜூம் பக்கம் சாய்ந்ததற்கு இந்த ஒரு ஸ்விட்ச் பெரிய காரணம்.

எந்த ஸ்விட்சாலும் தீராதது தாமதம். கண்ணாடி நார்க் கேபிளில் வெளிச்சம் செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வேகத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் காமிரா படத்தைப் பிடித்து, சுருக்கி, அனுப்பி, அந்தப் பக்கம் பிரிப்பதற்கும் நேரமாகிறது. சாதாரணப் பேச்சுக்கு 150 மில்லி செகண்ட் வரை பாதகமில்லை என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். சேர்ந்து பாடுகிறவர்களுக்கோ முப்பதைத் தாண்டினாலே தாளம் பிசகத் தொடங்கும். இருபது பேர் ஒரே குரலில் பேசும் கிரேக்க கோரஸ் கதை? கந்தல். எல்லோர் மைக்கையும் மூடிவிட்டு, ஒருவர் மட்டும் பேச, மற்றவர்கள் தங்கள் அறையிலேயே சேர்ந்து சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது வட்டம். நடிப்பு வகுப்பு என்றால் வட்டமாக நின்று ஆடும் விளையாட்டுகள் இல்லாமல் இருக்காது. வலது பக்கத்து ஆளுக்குக் கைதட்டலை அனுப்பு, அவர் அடுத்தவருக்கு அனுப்பட்டும் என்று போகும். கம்ப்யூட்டரில் வலது பக்கம் எது? என் திரையில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர், உங்கள் திரையில் எங்கோ மூலையில் கிடப்பார். 2020 செப்டம்பர் வாக்கில்தான், வகுப்பு நடத்துபவர் வைக்கும் வரிசையே எல்லோருக்கும் தெரியும்படி ஜூம் ஒரு வசதி செய்தது.

சரி, ஜூமையே எடுத்துக்கொள்வோம் என்று தீர்மானித்தவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா? ம்ஹும். 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு 1 கோடியாக இருந்த ஜூம் கூட்டம், 2020 மார்ச்சில் 20 கோடி ஆனது. கூட்டத்தோடு கூட்டமாகப் போக்கிரிகளும் நுழைந்தார்கள். நடந்துகொண்டிருக்கும் வகுப்பில் குதித்து ஆபாசப் படம் காட்டினார்கள். ஏப்ரலில் நியூ யார்க் நகரக் கல்வித்துறை தன் பள்ளிகளில் ஜூமுக்குத் தடை போட்டு, டீம்ஸுக்குப் போங்கள் என்றது. பிராட்வே இருக்கும் அதே ஊர்! டீம்ஸில் அப்போது ஒரே சமயத்தில் 4 முகங்கள்தான் தெரியும். முப்பது பேர் வகுப்பில் நாலு பேரைப் பார்த்துக்கொண்டு நடிப்புச் சொல்லிக்கொடுப்பது எந்த ஊர் நியாயம்? மே மாதம் தடையை விலக்கினார்கள். கூகுள் மீட்டில் 16 முகம் வந்தது. ஜூம் காட்டியது 25. நல்ல கம்ப்யூட்டர் என்றால் 49.

இதற்கு நடுவில் நாடகக்காரர்கள் ஒரு புதையலைக் கண்டுபிடித்தார்கள். காமிரா போடாமல் ஃபோனில் மட்டும் மீட்டிங்குக்கு வருகிறவர்களின் கறுப்புக் கட்டங்கள் திரையை அடைக்கும் அல்லவா? அவற்றை மறைப்பதற்கு ஜூமில் ஒரு வசதி உண்டு. பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? காமிராவை அணைத்த நடிகர் திரையிலிருந்தே காணாமல் போவார். போட்டால் சட்டென்று வந்து நிற்பார். சைடு விங் தயார்! உள்ளே வருவதும் வெளியே போவதும் இல்லாமல் நாடகம் ஏது? ஆபீஸ்காரன் கறுப்புக் கட்டத்தை ஒளிக்கச் செய்த வேலை, மேடைக்காரனுக்குத் திரைச்சீலை ஆகிவிட்டது.

அந்த ஏப்ரலிலேயே ஆக்ஸ்ஃபோர்டின் கிரியேஷன் தியேட்டர், வட அயர்லாந்தின் பிக் டெல்லி குழுவோடு சேர்ந்து ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தை ஜூமிலேயே போட்டது. நடிகர்கள் அவரவர் வீட்டில், பார்வையாளர்கள் அவரவர் வீட்டில். மாத இறுதியில் நியூ யார்க்கின் பப்ளிக் தியேட்டர், ரிச்சர்ட் நெல்சனின் புதிய நாடகத்தைக் கொடுத்தது. ஒரு குடும்பம் ஜூமில் கூடிப் பேசுகிறது. நாடகமே அதுதான். தாமதம், தடுமாற்றம் எல்லாம் கதையிலேயே அடக்கம்.

கொஞ்ச நாளில் மேடைக்காரர்களின் தேவைக்கென்றே தனிக் கருவிகள் வந்தன. லிமினல் என்ற சின்ன நிறுவனம் செய்த ஒன்று, மேடையின் ஒலி, ஒளி சாதனங்களோடு ஜூமை இணைத்தது. யார் எப்போது திரைக்கு வரவேண்டும், யாருடைய மைக் எப்போது மூடவேண்டும் என்பதையெல்லாம் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் பட்டன் தட்டி நடத்தலாம். 2021 டிசம்பரில் ஜூம் அந்தக் கருவிகளைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டது. செய்தவர்களையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது.