சுவார்ட்ஸ் ஐயரின் சம்பளமும் தசமபாகமும்

மல்கியா 3ஆம் அதிகாரத்தைக் கொண்டு தசமபாகப் பிரசங்கம் செய்யாத குருவானவர் நம்மிடையே அரியர். எண்ணாகமம் 18:26ஐக் கொண்டு பிரசங்கித்தவரோ அவரினும் அரியர். இதை எழுதுகிறவனும் பல்லாண்டு மல்கியாவோடு நின்றுவிட்டவனே. மக்களின் தசமபாகத்தால் பிழைக்கும் லேவியர், தாம் பெற்றதிலும் பத்தில் ஒன்றைக் கர்த்தருக்குப் படைக்கவேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. வாங்குகிற கையும் கொடுக்கவேண்டும். திருச்சிராப்பள்ளியில் இதை வாழ்ந்து காட்டியவர் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர் (1726–1798).

1750இல் தரங்கம்பாடிக்கு வந்த ஐயர், 1762இல் கால்நடையாகத் தஞ்சைக்கும் திருச்சிக்கும் வந்தார். அந்நாளில் அவருடைய ஆண்டு வருமானம் 48 பவுன். கோட்டைப் படைத்தலைவர் கொடுத்த பழங்கட்டடத்து அறை ஒன்றில் குடியிருந்தார். கட்டிலும் அவரும் கொள்ளுமளவே அதன் பரப்பு. சோறும் காய்கறியும் உணவு. கறுப்புச் சாயமேற்றிய பருத்தித் துணி உடை. 1764இல் மதுரை முற்றுகையில் காயமுற்றோரைப் பராமரித்ததற்காக நவாப் முகமது அலி 300 வராகன் அளித்தபோது, அதனைத் திருச்சியில் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். 1766 மே 18, பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இராணுவத்தாரின் நன்கொடைகளே அதற்குப் பெரிதும் உதவின.

1768 முதல் சென்னை அரசு, படையினருக்குக் குருவாகப் பணியாற்றியமைக்காக அவருக்கு ஆண்டுக்கு 100 பவுன் வழங்கியது. வருமானம் உயர்ந்தால் வாழ்க்கையும் உயர்வது உலக வழக்கம். ஐயரோ அதில் பாதியைச் சபையின் தேவைகளுக்கே செலவிட்டார். 1779இல் அரசின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றபோது ஹைதர் அலி வழிச்செலவுக்கென 300 ரூபாய் கொடுத்தார். வழிச்செலவை அரசு முன்னரே ஏற்றிருந்தது. ஆகவே பணத்தை அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார்; அவரே வைத்துக்கொள்ளலாம் என்றபோது, அது தஞ்சையில் அநாதைப் பள்ளிக்கு முதலாயிற்று. எதிரியாகிய ஹைதரும் அவரை நம்பினதில் வியப்பில்லை.

ஐயர் மணமாகாதவர் என்பதை மறத்தலாகாது. மனைவி மக்களோடு வாழும் இன்றைய ஊழியரிடம் பாதிச் சம்பளத்தைக் கேட்பது நியாயமன்று. வேதமும் அதைக் கேட்கவில்லை. நாளைய செலவுக்குத் தேவன் போதுமானவர் என்று பீடத்தில் சொல்லும் ஊழியர், அதைத் தம் சம்பள நாளிலும் நம்புகிறாரா என்பதே கேள்வி.

இன்னொரு புறமும் உண்டு. அது மனதை உறுத்துவது. கோட்டையிலிருந்து காவேரியைக் கடந்தால் ஸ்ரீரங்கம். அரங்கநாதர் கோயிற் சுவர்களில் சோழர் காலம் முதலாக நிலமும் பொன்னும் விளக்கும் கொடுத்தோர் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. சடாவர்மன் சுந்தரபாண்டியன் பொன் வேய்ந்தது 13ஆம் நூற்றாண்டில். கோயிலுக்குக் கொடுத்தோர் அரசர் மட்டுமல்லர். ஆகவே கொடுக்கும் பழக்கம் இந்நாட்டு மக்களுக்கு ஐரோப்பியர் வந்து கற்பிக்கவேண்டிய பாடமன்று. ஆயினும் திருச்சித் தமிழ்ச் சபை கொடுக்கும் சபையாக அன்றி, பெறும் சபையாகவே வளர்ந்தது. போதகருக்கு ஊதியம் வெளியிலிருந்து வந்தது. பள்ளிக்கும் ஏழைக்கும் போதகரே கொடுத்தார். ஐயர் 1798 பிப்ரவரி 13இல் தஞ்சையில் மரித்தபோது தம் உடைமையையும் மிஷன் பணிக்கே எழுதிவைத்திருந்தார். அவருடைய தாராளமே சபையார் கையைக் கட்டிவிட்டதோ என்று நான் ஐயுறுகிறேன். குறை அவருடையதன்று, கொடுப்பவர் ஒருவர் இருக்கையில் மற்றவர் கை நீளாதிருப்பது மனித இயல்பு. மக்கெதோனியாச் சபைகள் கொடிய தரித்திரத்திலும் கொடுத்தன என்று பவுல் எழுதுகிறார் (2 கொரி. 8). அவர்களுக்குத் தரித்திரம் ஒரு சாக்காகவில்லை.

1826 ஏப்ரல் 3, திங்கட்கிழமை காலை, பேராயர் ரெஜினால்டு ஹீபர் கோட்டை ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் நடத்தினார். ஐயர் மறைந்து 28 ஆண்டுகளே ஆகியிருந்தன. அங்கு மிஷனின் வறுமையைக் கண்டு அவர் மிக வருந்தினார். அதற்கு வழிதேட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. விடுதிக்குத் திரும்பி நீராடச் சென்றவர் நீரில் மூழ்கி இறந்தார். தூய யோவான் ஆலயத்தில் அடக்கம்பண்ணப்பட்டார்.